கோத்தகிரியில் கிரி இல்லை

எங்க ஊர்ப் பக்கம் மலை கிடையாது. வலங்கைமானிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் வயல், வாய்க்கால், மதகு, மறுபடி வயல். பக்கத்தில் மலை என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பது சுவாமிமலை. அதுவும் கட்டுமலை. அறுபது படி, படிக்கு ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். சின்ன வயசில் அதை மலை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரம், ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துவிட்டு மேகம் என்று நினைத்த ஆள் நான்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. அவர் ஏறிய மலைகள் இரண்டு: பழனி, திருச்சி மலைக்கோட்டை. இரண்டும் சாமிக்காக. காத்து வாங்குவதற்காக ஒருத்தன் காசு செலவு பண்ணி மலைக்குப் போவான் என்பதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "காத்துதான, கொல்லைக் கதவத் தொறந்தா வந்துட்டுப் போவுது" என்பார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் வரலாற்று நியாயம் இருக்கிறது. நம்ம ஆட்கள் மலைக்குப் போனது முருகனுக்காக, மூலிகைக்காக, தேனுக்காக, அல்லது எதிரிக்குப் பயந்து. சும்மா நடந்து, உட்கார்ந்து, பார்த்துவிட்டு இறங்கி வருவதற்காகப் போகும் வழக்கம் நம் பக்கம் பரவலாகி இரண்டு தலைமுறைதான் ஆகிறது.

அவரை மசிய வைத்தது வேறு விஷயம். 2023-ல் மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து அக்டோபர் 10-லேயே மூடினார்கள். அந்தக் குறுவையில் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் அப்பாவும் ஒருத்தர். 2024-ல் அணை திறந்ததே ஜூலை 28-ல். அதிலிருந்து அவருக்குப் பேப்பரில் முதலில் படிப்பது அணை நீர்மட்டம்தான். 2025 மே மாசம், உளுந்து எடுத்து முடித்து நிலம் சும்மா கிடந்த நேரத்தில், "காவிரிக்கு வர்ற தண்ணியில கொஞ்சம் எங்க பொறக்குதுன்னு காட்டுறேன், வாங்க" என்றேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கும்பகோணத்தில் ஜனசதாப்தி ஏறி கோவை. ராத்திரி தங்கி, காலையில் காரில் மேட்டுப்பாளையம். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. குன்னூர் வழியாக ஊட்டி போகும் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஈ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். வரம்பே இவ்வளவு என்றால் கூட்டத்தைப் புரிந்துகொள்ளலாம். நாங்கள் வலது பக்கம் திரும்பினோம். கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். எங்களுக்கு முன்னால் ஒரு காய்கறி வண்டி, பின்னால் ஒரு அரசு பஸ், அவ்வளவுதான்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இந்த ஊர் ஏன் அமைதியாக இருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னை ஒரு வருஷமாகப் படிக்க வைத்தது. பதில் ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறது.

கோத்தகிரி என்றால் கோத்தர்களின் மலை என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். கிரி என்றால் மலை, சம்ஸ்கிருதம், முடிந்தது. ஆனால் பழைய ஆவணங்களில் இது கோத்த-கேரி. கேரி என்றால் தெரு, குடியிருப்பு. நீலகிரியில் கோத்தர்களுக்கு ஏழு ஊர்கள். ஒவ்வொரு ஊரும் கேரி கேரியாகப் பிரிந்திருக்கும். அதில் ஒன்று இன்றைய கோத்தகிரி பஜாரை ஒட்டி இருக்கிறது. அந்தத் தெருவின் பெயர்தான் மொத்த ஊருக்கும் ஆகி, பிறகு யாரோ காதில் விழுந்ததை எழுத, கேரி கிரியாகிவிட்டது. பழைய கோடில் யாரோ வைத்த வேரியபிள் பெயரை அர்த்தம் தெரியாமல் இருபது வருஷம் காப்பி பண்ணிக்கொண்டே போவோமே, அந்தக் கதை.

கன்னடத்திலும் கேரிதான். சொல் முதலில் வரும் ககரம், இகரம் எகரம் மாதிரி உயிர்களுக்கு முன்னால் தமிழில் சகரமாகிவிடும். கன்னடக் 'கிவி' நமக்குச் செவி, 'கெய்' செய். அப்படியே கேரி நமக்குச் சேரி. இன்றைக்குச் சேரி என்ற சொல்லுக்கு நாம் ஏற்றி வைத்திருக்கும் பொருள் பிற்காலத்தது. சோழர் கல்வெட்டுகளில் பிராமண ஊர்களின் பகுதிகளுக்கும் சேரி என்றே பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய 400 ஆடல் பெண்களுக்குக் கல்வெட்டு தரும் பெயர் தளிச்சேரிப் பெண்டுகள். ஆக, தஞ்சாவூர்க்காரனுக்கு கோத்தகிரி புரியாத சொல்லே இல்லை, கோத்தர் சேரி. அதே கணக்கில் படுகர் ஊர்ப் பெயர்களில் வரும் ஹட்டி நம்ம பட்டி. ஓடையைக் குறிக்கும் ஹள்ள, நம்ம பள்ளம். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம பக்கத்து ஜனங்கதான்னு சொல்லு" என்றார். அப்படி இல்லை, ஒரே மொழிக் குடும்பம் என்று விளக்க ஆரம்பித்தேன். வண்டி கொண்டை ஊசி வளைவில் திரும்பியது, அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெயரில் மலை இல்லை, தெரு இருக்கிறது என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. மலையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவன் குடியிருக்கும் தெருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீலகிரியைக் 'கண்டுபிடித்தவர்' என்று பாடப்புத்தகம் சொல்வது ஜான் சல்லிவனை. கோயம்புத்தூர் கலெக்டர். 1819 ஜனவரியில் சிறுமுகைப் பக்கமிருந்து ஏறினார். அவருக்கு முன்னால் 1818-ல் அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறி இறங்கியிருக்கிறார்கள். 1812-ல் கீஸ் என்ற சர்வேயர் வந்து போயிருக்கிறார். 1603-ல் மலையாளக் கரையிலிருந்து பினிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் ஏறித் தோடர்களோடு பேசியிருக்கிறார். அதற்கும் முன்னால் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, போசளன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் தோடர்களை நடுங்க வைத்து நீலமலையைப் பிடித்ததாகப் பீற்றிக்கொள்கிறது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது குலோத்துங்கன் காலம். தலைக்காட்டை இதே விஷ்ணுவர்தனனிடம் நாம் இழந்த சமயம். ஆக 1819-க்கு 700 வருஷம் முன்பே மலையில் ஆள் இருந்ததற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. பயமுறுத்தப்பட ஆள் இருந்தால்தானே பயமுறுத்த முடியும்.

சல்லிவன் முதலில் தங்கியது ஊட்டியில் இல்லை, கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டி என்ற படுகர் ஊர்ப் பக்கம். கன்னேரிமுக்கில் அவர் பங்களா இன்றைக்கு நினைவகமாக இருக்கிறது. நாங்கள் போன காலையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அப்பா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். வெளியே வந்ததும் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு படுகர் பெரியவரிடம், "ஐயா, இவரு வர்றதுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தா?" என்று கேட்டார். பெரியவர் சிரித்துவிட்டு, "நாங்கதான்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, கோத்தகிரி பஜார் இருக்கும் திசையில் கையைக் காட்டி, "அவங்க எங்களுக்கும் முன்னாடி" என்றார்.

அந்த உறவு சுவாரசியமானது. கோத்தர் ஆண்கள் கொல்லு வேலை, தச்சு வேலை, பெண்கள் மண்பாண்டம். படுகருக்கு அரிவாளும் மண்வெட்டியும் கொடுத்து அவர்களிடம் தானியம் வாங்கினார்கள். எருமை வளர்க்கும் தோடர், தேனெடுக்கும் குறும்பர் எல்லோரும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் இருந்தார்கள். சாவு வீட்டு வாத்தியமும் கோத்தர் பொறுப்பு. 1930-களில் இந்த ஏற்பாடு உடைய ஆரம்பித்தது. அதே சமயம், 1935-லிருந்து 1938 வரை இங்கே தங்கிய அமெரிக்க மொழியியலாளர் எமெனோ, சுள்ளி என்ற கோத்தர் ஆசிரியர் வாய் வழியாகக் கேட்ட கதைகளை எழுதி 1940-களில் நூலாகக் கொண்டுவந்தார். எழுத்தில்லாத மொழிக்கு அப்படி ஒரு பதிவு கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

சரி, அமைதிக்கு வருவோம். மெட்ராஸின் சூட்டிலும் காய்ச்சலிலும் சாகிற வெள்ளைக்காரர்களை மேலே கொண்டுபோய்க் காப்பாற்றலாம் என்பதுதான் முதல் யோசனை. உல்லாசம் பிறகுதான் வந்தது. அதற்காகச் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாக மேலே ஒரு பாதை போட்டார்கள், 1823 வாக்கில் முடிந்தது. சில வருஷங்கள் கோத்தகிரிதான் நீலகிரியின் வாசல். அதற்குள் சல்லிவன் இன்னும் உள்ளே போய் ஊட்டியில் கல் வீடு கட்டி, ஏரியும் வெட்ட ஆரம்பித்துவிட்டார். 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் கணவாய்ப் பாதை திறந்தது. போக்குவரத்து அந்தப் பக்கம் சாய்ந்தது. கோத்தகிரி வாசல் பக்கவாட்டுக் கதவாகிவிட்டது.

அடுத்த அடி ரயில். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. 46 கிலோமீட்டர், பல்சக்கரம், சுரங்கம், பாலம், 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம். இதில் எதுவும் கோத்தகிரிக்கு இல்லை. கவர்னரின் கோடைக் கச்சேரி ஊட்டியில், பட்டாளம் வெலிங்டனில், ரயில் குன்னூரில். மிச்சம் இருந்தது கோத்தகிரியில்: நல்ல தட்பவெப்பம்.

அது உண்மையிலேயே நல்ல தட்பவெப்பம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோத்தகிரி ஏறக்குறைய 1,800. குளிர் உண்டு, விறைக்காது. தொட்டபெட்டா வரிசை மேற்கே சுவர் மாதிரி நின்று தென்மேற்குப் பருவமழையை வாங்கிக்கொள்கிறது. ஜூன், ஜூலையில் ஊட்டி நனைந்து கிடக்கும்போது இங்கே வெயில் அடிக்கும். 1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி உடம்பு சரியில்லாமல் நீலகிரிக்கு வந்தபோது ஊட்டியை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கினார். வசதி எங்கே என்று பார்க்காமல் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்தவர்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அப்படி வந்து நிலைத்த குடும்பம் காக்பர்ன் குடும்பம். எம்.டி. காக்பர்ன் 1820-களில் சேலம் கலெக்டர், ஏற்காட்டுக்குக் காப்பி கொண்டுபோனவர். பிறகு கோத்தகிரிப் பக்கம் தோட்டம் போட்டார். அரவேணுவுக்கு அருகில் இருக்கும் கேத்தரின் அருவிக்குப் பெயர் அவர் மனைவியுடையது. ஆனால் எனக்குப் பிடித்தவர் இவர்கள் மகள் மார்கரெட். 1829-ல் பிறந்து 1928-ல் இறந்தார், தொண்ணூற்றொன்பது வருஷ வாழ்க்கை. கோத்தகிரியில் தேயிலை பயிரிட்டார். அதோடு நீலகிரியின் பறவைகளையும் செடிகளையும் வரைந்து குறிப்பெழுதி வைத்தார். காங்கிரசைத் தொடங்கிய ஹியூம் ஒரு பெரிய பறவை ஆய்வாளர். அவர் தன் நூலுக்கு இந்த அம்மாவின் குறிப்புகளைப் பயன்படுத்திக்கொண்டார். ஓவியங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலைக்குப் பொழுதுபோக்க வருவது என்றால் இது மாதிரி வரவேண்டும் என்று தோன்றியது. நான் மூன்று நாளில் எடுத்த படங்கள் நானூற்றுப் பன்னிரண்டு, அதில் ஒரு பறவையின் பெயரும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

இரண்டாம் நாள் லாங்வுட் சோலை. வனத்துறையிடம் அனுமதி வாங்கிப் போனோம். டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர்தான். 116 ஹெக்டேர். உள்ளே காலை வைத்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது, கூடவே சத்தமும். தரை மெத்தை மாதிரி அமுங்கியது. அப்பா குனிந்து, இலை மக்கை ஒரு கையளவு அள்ளிப் பிழிந்து பார்த்தார். மே மாசம், மழை இல்லை, ஆனாலும் விரலிடுக்கில் ஈரம் கசிந்தது. "நம்ம வயல்ல இப்ப வெடிப்புல காலு மாட்டிக்கும்" என்றார். சோலைக்காடு செய்யும் வேலையே இதுதான். மழை பெய்யும்போது குடித்துவைத்து, பெய்யாதபோது சொட்டுச் சொட்டாக விடுகிறது. கோத்தகிரிக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் குடிதண்ணீர் இந்தச் சோலையிலிருந்துதான். சுற்றியிருந்த மற்ற சோலைகளும் புல்வெளிகளும் தேயிலையாகவும் யூகலிப்டஸாகவும் மாறிய பிறகு தப்பியது இது. ஒரு மலையணில் மேலே தாவியது. அப்பா அதைக் கவனிக்கவில்லை, ஓடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது தேயிலைத் தோட்டத்தில் இரண்டு காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கால் மணி நேரம் அப்படியே. இதுதான் அந்த ஊரின் பொழுதுபோக்கு. போட்டிங், குதிரை சவாரி, மெழுகு மியூசியம் எதுவும் இல்லை. மே மாசம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி வைக்கும்போது மட்டும் ஊர் திமிறும் என்று லாட்ஜில் சொன்னார்கள். நல்லவேளை அது முடிந்திருந்தது.

கடைசி நாள் கோடநாடு காட்சிமுனை. கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குப் போனபோது பள்ளத்தாக்கு முழுக்கப் பஞ்சு. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் விலகிவிட்டது. கீழே மோயாறு கோடு மாதிரி வளைந்து போனது. தெங்குமரஹடா கிராமத்தின் வயல்கள் கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தன. கிழக்கே தூரத்தில் பவானிசாகர் அணைத் தண்ணீர் தகடு மாதிரி மின்னியது. அப்பா முதன்முறையாக மலையைப் பார்க்க வந்தவர் மாதிரி இல்லாமல் வரப்பில் நிற்கிற மாதிரி நின்றார். "இந்தத் தண்ணி எங்க போவுது?" என்றார்.

சொன்னேன். மோயாறு பவானிசாகரில் சேர்கிறது. கேத்தரின் அருவியில் விழுவது கல்லாறு வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பவானியில் சேர்ந்து அங்கேயே வருகிறது. அணை 1955-ல் முடிந்தது, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அதிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்குப் போகும். மிச்சம் பவானி ஊரில் கூடுதுறையில் காவிரியோடு கலந்து கரூர், முக்கொம்பு, கல்லணை. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. அப்புறம் நம்ம ஊர்.

"மேட்டூருக்குள்ள போவலியா?"

"இல்லப்பா. மேட்டூருக்குக் கீழதான் கூடுது."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. எழுபது வருஷமாக ஆற்றில் வருவதெல்லாம் மேட்டூர்த் தண்ணீர் என்றே இருந்தவர். இன்னொன்றும் சொன்னேன், இது நானே இந்தப் பயணத்துக்காகப் படித்தபோதுதான் உறைத்தது. மேட்டூர் நிரம்புவது ஆனி ஆடியில் குடகில் பெய்யும் தென்மேற்கு மழையால். கோத்தகிரிக்கு அந்த மழை சரியாகக் கிடைக்காது. இந்தப் பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். வங்கக் கடலில் கிளம்பி டெல்டாவைத் தாண்டி வரும் அதே மேகம், இங்கே கிழக்குச் சரிவில் முட்டிக் கொட்டுகிறது. நமக்கும் இவர்களுக்கும் ஒரே மழைக்காலம். அது பிசகினால் இரண்டு இடத்திலும் பிசகும், மிஞ்சினாலும் அப்படியே. 2009 நவம்பரில் நீலகிரியின் இந்தச் சரிவுகளில் மண் பெயர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். செங்குத்துச் சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பிய இடங்கள் எப்படி நழுவும் என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது. கோத்தகிரிச் சாலையோரம் இப்போது மனை விற்கும் பலகைகள் நிறையத் தெரிகின்றன. ஊட்டியில் வண்டிக்கு வரம்பு வைத்தால் வண்டி சும்மா இருக்குமா, அடுத்த ஊரைத் தேடும். 1830-களில் பாதை விலகிப் போனதால் காப்பாற்றப்பட்ட ஊரைத் தேடி இப்போது பாதையே வருகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நாலு பேர் கிளம்பினால் அதிலும் எனக்குப் பங்குண்டு. போகிறவர்கள் பஸ்ஸில் போங்கள், சோலைக்குள் பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். கோத்தர் தெருப் பக்கம் போனால் கோயில் எல்லைக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், படம் எடுக்காதீர்கள். நான் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் எங்க ஊர் குடமுருட்டிக்கு வந்த அன்று நான் சென்னையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். அம்மா போனில் சொன்னாள்: அப்பா பாலத்து மதகில் நின்றுகொண்டு, "இதுல கோத்தகிரித் தண்ணியும் இருக்கு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாராம். பக்கத்து வயல்காரர், "ஏன் மாமா, அதத்தான் பவானிசாகர்ல புடிச்சு வச்சுருவாங்களே, இது மேட்டூர்த் தண்ணி" என்று மறுத்திருக்கிறார். ஜூன் மாசக் கணக்கில் அவர் சொல்வதுதான் சரி. அப்பா விடவில்லையாம். "ஐப்பசி வரட்டும், அப்பப் பேசு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.